பில் போடும் கணிப்பொறிக்கு எத்தனை சாவிகள்?

மாதம் 19ஆம் தேதி, மாலை நேரம். பரங்கிப்பேட்டைக் கடைத்தெருவில் நாம் அடிக்கடி போய் உட்காரும் மளிகை மொத்தக் கடை ஒன்றில் வியாபாரம் நடந்துகொண்டிருந்தது. ஆனால் பில் நடக்கவில்லை. மதியம் தொழுகைக்குக் கடையை அடைத்துவிட்டு வந்து கணிப்பொறியைப் போட்டால், கடவுச்சொல் தவறு என்கிறது. கடைக்காரர் அடித்துப் பார்த்தார், கணக்குப் பிள்ளை அடித்துப் பார்த்தார், சிட்டைக் காகிதத்தில் எழுதி வைத்திருந்ததைப் பார்த்து ஓர் எழுத்து விடாமல் அடித்துப் பார்த்தார்கள். கதவு திறக்கவில்லை. அதை அமைத்துக் கொடுத்த பையன் துபாய்க்குப் போய் எட்டு மாதம் ஆகிறது. மறுநாள் 20ஆம் தேதி. மாதாமாதம் ஜி.எஸ்.டி. 3பி படிவம் தாக்கல் செய்கிறவர்களுக்கு அந்தத் தேதி என்ன என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை. தவறினால் வரி கட்ட வேண்டியவருக்கு நாளொன்றுக்கு ரூ.50 தாமதக் கட்டணம், பாக்கி வரிக்கு ஆண்டுக்கு 18 சதவீதம் வட்டி.

சிதம்பரத்திலிருந்து ஒரு தம்பி வந்தார். கையில் ஒரு பென் டிரைவ், அவ்வளவுதான். அதைச் சொருகி, கணிப்பொறியை அந்தப் பென் டிரைவிலிருந்து கிளப்பி, கறுப்புத் திரையில் ஏதோ சில எண்களை அழுத்தினார். பத்து நிமிடத்தில் கடவுச்சொல்லே இல்லாமல் விண்டோஸ் திறந்துகொண்டது. கடைக்காரருக்கு முதலில் சந்தோஷம். அடுத்த நிமிடம் முகம் மாறிவிட்டது.

"ஏன் தம்பி, நீங்க பத்து நிமிஷத்துல திறந்துட்டீங்க. அப்ப வேற யாரும் திறக்கலாமா?"

"திறக்கலாம் பாய். மெஷின் கையில கிடைச்சா போதும். இருங்க, இன்னொண்ணும் பாத்துடுவோம்" என்றவர் கட்டளைத் திரையைத் திறந்து ஒரு வரி அடித்தார். இந்தக் கணிப்பொறியில் நிர்வாகி அதிகாரம் யார் யாருக்கு உண்டு என்று கேட்கிற வரி. மூன்று பெயர்கள் வந்தன. ஒன்று விண்டோஸுடன் பிறந்த அட்மினிஸ்ட்ரேட்டர். இரண்டாவது கடைக்காரர்கள் தினமும் நுழைகிற பில்லிங். மூன்றாவது சர்வீஸ் என்ற பெயர், கடைசியில் ஒரு டாலர் குறியுடன். கடையில் ஒருவருக்கும் அந்தப் பெயர் தெரியாது. தினமும் காலையில் திரையில் வரும் பெயர்ப் பட்டியலில் அதை ஒருவரும் கண்டதும் இல்லை.

அன்றிரவு நாம் வீடு திரும்பும்போது மனதில் ஓடியது இதுதான். நம் இரும்புப் பெட்டிக்கு எத்தனை சாவி, யார் யாரிடம் இருக்கிறது என்பது நமக்குத் தூக்கத்திலும் தெரியும். சரக்கின் வாங்கிய விலை, கடன் கொடுத்த பேரேடு, வாடிக்கையாளர் தொலைபேசி எண் எல்லாம் ஏறிவிட்ட இந்தப் பெட்டிக்கு எத்தனை சாவி என்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? ஆகவே விவரம் தெரிந்தவர்களைக் கேட்டும், படித்தும் தெரிந்துகொண்டதை நம் வணிக அன்பர்களுக்கு இங்கே எழுதுகிறோம்.

பெயர்கள் எழுதியிருக்கும் ஏடு

விண்டோஸ் தன் பயனர்களின் பெயர்களை ஓர் ஏட்டில் எழுதி வைத்திருக்கிறது. அதற்கு 'சாம்' என்று பெயர். பாதுகாப்புக் கணக்கு மேலாளர் என்ற ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகள் அவை. சி டிரைவில் விண்டோஸ் என்ற உறைக்குள் சிஸ்டம்32, அதற்குள் கான்ஃபிக், அதற்குள் சாம் என்ற ஒரே கோப்பு. 1993ல் வந்த விண்டோஸ் என்.டி. காலத்து ஏற்பாடு, விண்டோஸ் 11லும் இதுதான் நடக்கிறது. கணிப்பொறி ஓடிக்கொண்டிருக்கும்போது அந்தக் கோப்பை நகல் எடுக்கவோ திறக்கவோ போனால் வேறொருவர் உபயோகத்தில் இருக்கிறது என்று சொல்லி மறுத்துவிடும். ரெஜிஸ்ட்ரி என்னும் பதிவேட்டின் வழியாக அதைப் பார்க்கப் போனாலும் நிர்வாகிக்குக்கூட வெற்றுப் பெட்டி போலத்தான் தெரியும். உள்ளே பார்க்கும் உரிமை சிஸ்டம் என்ற பெயரில் இயங்கும் விண்டோஸுக்கு மட்டுமே. முதலாளிக்கே காட்டாத கணக்குப் பிள்ளை என்று வைத்துக்கொள்ளலாம்.

அந்த ஏட்டில் ஒவ்வொரு பெயருக்கும் ஓர் எண் உண்டு. அட்மினிஸ்ட்ரேட்டருக்கு எந்த ஊர், எந்த நாட்டுக் கணிப்பொறியானாலும் 500. விருந்தாளிக் கணக்கான கெஸ்டுக்கு 501. நாம் உண்டாக்கும் கணக்குகள் 1000 முதல் தொடங்கும். நம் பேரேட்டில் பற்று வரவுக்குப் பக்க எண் போடுவது போலத்தான். வாடிக்கையாளர் பெயரை மாற்றி எழுதினாலும் பக்கம் மாறாது அல்லவா? அதுபோல அட்மினிஸ்ட்ரேட்டர் பெயரை மாற்றி 'முதலாளி' என்று வைத்தாலும் 500 என்ற எண் 500தான். தெரிந்தவன் எண்ணை வைத்தே கண்டுபிடித்துவிடுவான். இதிலிருந்து இன்னொன்றும் தெரிகிறது. ஒரு கணக்கை அழித்துவிட்டு அதே பெயரில் மறுபடி உண்டாக்கினால் பழையது திரும்பி வராது. புது எண் விழும். பழைய எண்ணுக்குக் கொடுத்திருந்த உரிமைகள் புதியவருக்குச் சேரா. அவசரப்பட்டு அழித்துவிட்டுத் தலையில் கை வைத்தவர்கள் உண்டு.

கடவுச்சொல் எங்கே இருக்கிறது?

இதுதான் பலரும் தவறாக நினைத்திருக்கிற இடம். கடவுச்சொல் அந்த ஏட்டில் இல்லை. இருக்கக் கூடாது என்று கணிப்பொறி உலகம் பட்டுத்தான் தெரிந்துகொண்டது. அமெரிக்காவில் எம்.ஐ.டி. கல்விக்கூடத்தில் 1960களில் பலர் சேர்ந்து உபயோகித்த ஒரு பெரிய கணிப்பொறி இருந்தது. கடவுச்சொல் என்ற பழக்கம் வளர்ந்த இடமே அதுதான். 1962ல் ஆலன் ஷெர் என்ற ஆராய்ச்சி மாணவர், தமக்குக் கொடுத்த நேரம் போதவில்லை என்று எல்லோருடைய கடவுச்சொற்களும் அடங்கிய கோப்பை அச்சிட்டு எடுத்துக்கொண்டார். பல ஆண்டுகள் கழித்து அவரே இதைச் சொன்னார். பிறகு ஒரு நாள், இரண்டு கோப்புகள் இடம் மாறிப்போய், உள்ளே நுழைந்தவர்களுக்கெல்லாம் அன்றைய அறிவிப்புக்குப் பதிலாக எல்லோருடைய கடவுச்சொற்களும் திரையில் வந்து நின்றன.

அதன் பிறகு வந்தது மாவு மில் முறை. அப்படித்தான் நமக்குப் புரிந்தது. அரிசியை மில்லில் கொட்டினால் மாவு வரும். மாவை மறுபடி கொட்டினால் அரிசி வராது. கடவுச்சொல்லை ஒரு கணித மில்லில் அரைத்து, வந்த மாவை மட்டும் ஏட்டில் வைக்கிறார்கள். மறுநாள் நாம் கடவுச்சொல் அடிக்கும்போது அதையும் அதே மில்லில் அரைத்து, இரண்டு மாவும் ஒன்றா என்று பார்த்துக் கதவைத் திறக்கிறார்கள். ஜவுளிக் கடைக்காரர் துணி ஓரத்தில் வாங்கிய விலையைப் பத்தெழுத்துச் சொல்லால் குறித்து வைப்பாரே, அது வேறு. அந்தச் சொல் தெரிந்தால் குறியிலிருந்து விலையை எடுத்துவிடலாம். இங்கே திரும்பும் வழி கிடையாது.

திரும்பும் வழி இல்லை என்றாலும் குறுக்கு வழி உண்டு. எல்லோரும் வைக்கக்கூடிய கடவுச்சொற்களை எல்லாம் முன்கூட்டியே அரைத்து மாவுப் பட்டியல் தயார் செய்துகொண்டு ஒப்பிட்டுப் பார்ப்பது. இதைத் தடுக்க, அரைப்பதற்கு முன் ஒவ்வொருவர் அரிசியிலும் வேறு வேறு உப்பைப் போட்டு விடுகிறார்கள். உப்பு என்பதே அவர்கள் வைத்த பெயர், நாம் சொன்னதல்ல. யூனிக்ஸ் முறையைக் கட்டிய ராபர்ட் மாரிஸும் கென் தாம்ப்சனும் 1979ல் வெளியிட்ட கட்டுரையில் இதை விளக்கியிருக்கிறார்கள். நம் சென்னையில் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் உட்பட லினக்ஸ் வகைகள் எல்லாம் இந்த வழியில் வந்தவை. அவற்றில் பெயர்ப் பட்டியல் ஒரு கோப்பில் எவரும் பார்க்கும்படி இருக்கும். அரைத்த மாவு மட்டும் 'நிழல்' என்ற தனிக் கோப்பில், நிர்வாகி தவிர யாரும் திறக்க முடியாதபடி இருக்கும்.

விண்டோஸ் சாம் ஏட்டில் இன்றைக்கும் அந்த உப்பு இல்லை. ரொனால்ட் ரிவெஸ்ட் 1990ல் அமைத்த எம்.டி.4 என்ற மில்லில் அரைத்து அப்படியே வைக்கிறார்கள். கடலூரில் ஒருவரும் காரைக்காலில் ஒருவரும் ஒரே கடவுச்சொல் வைத்தால் மாவும் ஒன்றாகவே இருக்கும். இதற்கு முன் இருந்தது இன்னும் மோசம்: எழுத்துகளை எல்லாம் பெரிய எழுத்தாக்கி, ஏழு ஏழாக இரண்டு துண்டாக வெட்டித் தனித்தனியே அரைத்தார்கள். பதினான்கு எழுத்துக் கடவுச்சொல் என்று பெருமைப்பட்டவரிடம் உண்மையில் இருந்தது இரண்டு ஏழெழுத்துச் சொல். விஸ்டாவில்தான் அந்தப் பழக்கத்தை விட்டார்கள். விண்டோஸ் 95, 98 காலத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அப்போது கணிப்பொறி வாங்கிய நம் மூத்த வணிகர்களுக்கு நினைவிருக்கும்: கடவுச்சொல் கேட்கும் பெட்டியில் எஸ்கேப் பொத்தானை ஒரு தட்டுத் தட்டினால் உள்ளே போய்விடலாம்.

குறை தெரிந்துதான் மைக்ரோசாஃப்ட் 1997ல் அந்த ஏட்டுக்கு மேல் இன்னொரு பூட்டுப் போட்டது. மாவையும் ஒரு சாவியால் பூட்டி, அந்தச் சாவியை நான்கு துண்டாக்கி, பக்கத்திலேயே உள்ள சிஸ்டம் என்ற இன்னொரு கோப்பில் நான்கு இடங்களில் ஒளித்து வைத்தார்கள். கல்லாப் பெட்டியைப் பூட்டிச் சாவியைப் பக்கத்துத் தராசின் அடியில் வைப்பது போலத்தான். இரண்டு கோப்பையும் சேர்த்து எடுத்துப் போகிறவனுக்கு இது தடையில்லை. 2021 ஜூலையில் இன்னொரு கோளாறு வெளியே வந்தது. விண்டோஸ் 10ல் சாம் கோப்புக்கான அனுமதியைத் தவறாக வைத்துவிட்டதால், சாதாரணப் பயனரும் பழைய மீட்பு நகல்கள் வழியாக அதைப் படிக்க முடிந்தது. அடுத்த மாதமே திருத்தம் வந்தது. ஆனால் பழைய நகல்களை அழித்தால்தான் முழுக் காப்பு. இணையத்தை இணைக்காமல், அப்டேட் வேண்டாம் என்று நிறுத்தி வைக்கும் நம் கடைப் பழக்கத்துக்கு இது ஒரு பதில்.

ஒளிந்திருக்கும் பெயர்கள்

சிதம்பரத்துத் தம்பி பென் டிரைவைக் கொண்டு என்ன செய்தார் என்பது இப்போது விளங்கும். விண்டோஸ் ஓடும்போதுதான் சாம் ஏட்டுக்குக் காவல். விண்டோஸைத் தூங்கவிட்டு வேறொரு இயக்க முறையைக் கொண்டு கணிப்பொறியைக் கிளப்பினால் அது வெறும் கோப்பு. அதைத் திறந்து, பில்லிங் என்ற பெயருக்கு நேரே உள்ள மாவைத் துடைத்துவிட்டார். கடவுச்சொல்லை அவர் கண்டுபிடிக்கவே இல்லை. கண்டுபிடிக்க வேண்டிய அவசியமும் இல்லை.

சரி, அந்த டாலர் குறிப் பெயர்? விண்டோஸில் பெயரை ஒளிப்பது திருட்டுத் தொழில்நுட்பம் ஒன்றும் அல்ல. விண்டோஸே செய்கிற வேலை. அட்மினிஸ்ட்ரேட்டர் என்ற 500ஆம் எண் ஒவ்வொரு கணிப்பொறியிலும் உண்டு. விஸ்டா முதல் அது முடக்கப்பட்டு, கண்ணில் படாமல் இருக்கிறது. எக்ஸ்.பி. ஹோமில் அது முடக்கப்படாமலே, கடவுச்சொல்லும் இல்லாமல் ஒளிந்திருந்தது. சேஃப் மோடில் கிளப்பினால் எவரும் அதன் வழியே நுழையலாம். இது தெரியாமலே பல ஆண்டுகள் எக்ஸ்.பி.யில் கணக்கு எழுதினோம்.

யாரேனும் ஒருவர் தாமாக ஒளிக்க நினைத்தால் எளிய வழிகள் இரண்டு. முதலாவது, பெயரின் கடைசியில் டாலர் குறி வைப்பது. 'நெட் யூசர்' என்ற கட்டளை கொடுத்துப் பட்டியல் கேட்டால் அப்படிப்பட்ட பெயர்களை விட்டுவிட்டே பட்டியல் வரும். கணிப்பொறிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ள வைத்திருக்கும் கணக்குகளுக்கான வழக்கம் அது. அதை மனிதர்களும் உபயோகிக்கிறார்கள். இரண்டாவது, பதிவேட்டில் விசேஷக் கணக்குகள் என்ற பகுதியில் அந்தப் பெயரை எழுதி, நேரே சுழியம் போடுவது. காலையில் வரும் வரவேற்புத் திரையிலிருந்து பெயர் மறைந்துவிடும். மறைந்ததே தவிர, அதிகாரம் அப்படியே இருக்கும். பெயர் தெரிந்தவர் தொலைவிலிருந்தும் அதன் வழியே வரலாம்.

ஒளித்த பெயரையும் காட்டிக் கொடுக்கும் கேள்விகள் உண்டு. தம்பி அடித்தது 'நெட் லோக்கல்குரூப் அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ்' என்ற கட்டளை. நிர்வாகிகள் குழுவில் உள்ளவர்களை டாலர் குறி பார்க்காமல் காட்டிவிடும். பவர்ஷெல் என்ற திரையில் 'கெட்-லோக்கல்யூசர்' என்று கேட்டால் ஏட்டில் உள்ள எல்லாப் பெயர்களும், முடக்கியவை உட்பட, வந்து நிற்கும். ஆங்கிலத்தில் எப்படி அடிப்பது என்பதை உங்கள் பிள்ளைகளோ சர்வீஸ் செய்பவரோ ஒரு நிமிடத்தில் எழுதிக் கொடுப்பார்கள். அந்தப் பட்டியலில் டிஃபால்ட்அக்கவுண்ட் என்றும், டபிள்யூ.டி.ஏ.ஜி. என்று தொடங்கியும் பெயர்கள் வந்தால் பயப்பட வேண்டாம். அவை விண்டோஸின் சொந்தப் பிள்ளைகள். அவை தவிரத் தெரியாத பெயர் எதுவாயினும் கேள்வி கேட்க வேண்டியதுதான்.

நம் கடைத்தெருக் கடையில் கேள்வி கேட்டார்கள். துபாய்ப் பையனுக்கு வாட்ஸ்அப்பில் அழைத்தார்கள். "ஆமா மாமா, நான்தான் வச்சேன். அங்க வராம இங்கேருந்தே சரி பண்ணிக் குடுக்கலாம்னு வச்சது. உங்ககிட்ட சொல்லியிருக்கணும்" என்றான். கெட்ட எண்ணம் இல்லை. ஆனால் எட்டு மாதமாக அந்தச் சாவி கடல் கடந்து இருந்திருக்கிறது. அதன் கடவுச்சொல் என்ன என்று கேட்டால், அவன் அமைத்துக் கொடுத்த எல்லாக் கடைக்கும் ஒரே சொல்! உப்பில்லா மாவைப் பற்றி மேலே எழுதியது இதற்காகத்தான். ஒரு கடையின் சாம் கோப்பு ஒருவன் கையில் சிக்கினால் மற்றக் கடைகளின் கதவும் திறக்கும்.

இது சிறு கடைகளின் சங்கதி மட்டும் அல்ல. நம் மாநிலத்திலேயே கூடங்குளம் அணுமின் நிலையத்தின் நிர்வாகப் பிரிவுக் கணிப்பொறி ஒன்றில் தீய நிரல் புகுந்திருப்பது 2019 செப்டம்பரில் தெரியவந்தது. அக்டோபர் 30ஆம் தேதி அணுமின் கழகம் அதை ஒப்புக்கொண்டது. உலையை இயக்கும் கணிப்பொறிகள் தனியே இருந்ததால் அவற்றுக்குப் பாதிப்பில்லை என்றது. அந்த நிரலைப் பிரித்துப் பார்த்த ஆய்வாளர்கள் கண்டது, அட்மினிஸ்ட்ரேட்டர் என்ற பெயரும் அதற்கான கடவுச்சொல்லும் நிரலுக்குள்ளேயே எழுதியிருந்ததை. அடுத்த கணிப்பொறிக்குப் போகும் சாவியைக் கையிலேயே வைத்துக்கொண்டுதான் அது வந்திருக்கிறது.

சட்டம் நம் பக்கம் இருக்கிறது. உரிமையாளர் அனுமதி இல்லாமல் கணிப்பொறிக்குள் நுழைவது 2000ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஆம் பிரிவில் வருகிறது. கெட்ட எண்ணத்தோடு செய்தால் 66ஆம் பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறை, அல்லது ஐந்து லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குப் பேச வேண்டும்.

20ஆம் தேதி நடந்தது

திறந்த கணிப்பொறியில் இன்னொரு சங்கடம் காத்திருந்தது. பிரௌசரில் சேமித்து வைத்திருந்த ஜி.எஸ்.டி. தளக் கடவுச்சொல் வரவில்லை. விண்டோஸ் அவற்றைப் பழைய நுழைவுக் கடவுச்சொல்லைக் கொண்டுதான் பூட்டி வைத்திருந்தது. வெளியிலிருந்து வலுக்கட்டாயமாக மாவைத் துடைத்ததும் அந்தச் சாவியும் போய்விட்டது. நல்ல வேளை, பதிவு செய்த கைபேசி எண் கடைக்காரரிடமே இருந்தது. ஓ.டி.பி. வாங்கிப் புதுக் கடவுச்சொல் வைத்து, இரவு ஒன்பதரை மணிக்கு 3பி போய்ச் சேர்ந்தது. கணக்கு எழுதும் மென்பொருளுக்கு வைத்திருந்த கடவுச்சொல் தனி; அது கணக்குப் பிள்ளைக்கு நினைவிருந்தது. டேலி போன்றவற்றில் கம்பெனிக் கணக்கையே வால்ட் போட்டுப் பூட்டியிருந்து, அந்தச் சொல் மறந்துவிட்டால் மீட்க வழியே கிடையாது என்பதை இந்த இடத்தில் சொல்லி வைக்கிறோம்.

மறுநாள் தம்பி திரும்ப வந்தார். டாலர் குறிப் பெயரை உடனே அழிக்கவில்லை. முதலில் முடக்கி வைத்து, ஒரு வாரம் எதுவும் நிற்கவில்லை என்று பார்த்த பிறகு அழித்தார். பில்லிங் என்ற பெயரை நிர்வாகிகள் குழுவிலிருந்து எடுத்துச் சாதாரணப் பயனராக்கினார். பில் போட அது போதும்; பையன்கள் தெரியாமல் எதையாவது நிறுவிவிடவும் முடியாது. நிர்வாகிக் கணக்கு ஒன்றைத் தனியாக உண்டாக்கி, கடவுச்சொல்லைக் கடைக்காரரையே அடிக்கச் சொல்லிவிட்டுத் தாம் திரும்பி நின்றுகொண்டார். அந்த மரியாதை நமக்குப் பிடித்திருந்தது.

பென் டிரைவ் கதவை அடைக்க வட்டையே பூட்ட வேண்டும். பூட்டிய வட்டில் சாம் கோப்பை வெளியிலிருந்து தொட முடியாது. இதில் ஓர் எச்சரிக்கை. இப்போது புதிதாக வரும் விண்டோஸ் 11 கணிப்பொறிகள் பலவற்றில் முதன்முதலாக ஒரு மைக்ரோசாஃப்ட் கணக்கின் வழியே நுழைந்ததும் வட்டுப் பூட்டு தானே விழுந்துவிடுகிறது. அதன் 48 இலக்க மீட்பு எண் அந்தக் கணக்கில் போய்ச் சேர்ந்துவிடுகிறது. அது யார் கணக்கு? விற்றவர் அவசரத்துக்குத் தம் மின்னஞ்சலைப் போட்டுத் தொடங்கியிருந்தால் சாவி அவர் வீட்டில். ஒரு நாள் மதர்போர்டு மாற்றியதும் திரை நீலமாக வந்து அந்த 48 இலக்கத்தைக் கேட்கும்போதுதான் நாம் அவரைத் தேடுவோம். விண்டோஸ் 10க்கான பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டதால் நம்மில் பலரும் புதுக் கணிப்பொறி வாங்குகிற சமயம் இது. கடையில் பெட்டியைப் பிரிக்கும்போதே உங்கள் பெயரில், உங்கள் கைபேசி எண்ணில் கணக்குத் தொடங்கச் சொல்லுங்கள். விற்றவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

நம் கடைக்காரருடையது பழைய கணிப்பொறி. அதிலும் பூட்டுப் போட வசதி இருந்தது. 48 இலக்கத்தை இரண்டு காகிதத்தில் அச்சிட்டு, ஒன்றை வீட்டு பீரோவிலும் இன்னொன்றைக் கடை இரும்புப் பெட்டியில் உணவுப் பாதுகாப்பு உரிமத்தோடும் வைத்திருக்கிறார். சென்ற வாரம் போனபோது எடுத்துக் காட்டினார். கீழே கணிப்பொறியில் உள்ள பெயர்களை எல்லாம் தம் கையெழுத்தில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் நேரே யார் என்று குறித்திருந்தார். துபாய்ப் பையன் பெயரை அடித்துவிட்டு, தேதி போட்டிருந்தார்.